பதவிப்படி பங்கிட்ட காற்று

காற்று எல்லோருக்கும் பொது என்று மனித குலம் வெகுகாலமாகத் தவறாக நம்பி வந்தது. அது பொதுவானதல்ல, பதவிப்படி பங்கிட்டுக் கொடுக்கத் தக்கது என்று உலகுக்கு முதன்முதலில் நிரூபித்துக் காட்டிய பெருமை ஆரணியைச் சேரும். கரண்டு இருக்கிற நேரத்தில் மட்டும் இந்த நிரூபணம் செல்லுபடியாகும்.

நிரூபித்தது சுபலட்சுமி பட்டு நெசவாளர் கூட்டுறவு உற்பத்தி விற்பனைச் சங்கம். நெசவாளர்களின் சங்கத்தை நெசவாளர்களிடம் விட்டுவைப்பது ஆபத்து என்று மேலே யாரோ கண்டுபிடித்து, தேர்ந்தெடுத்த குழுவைக் கலைத்து, ரங்கசாமி என்பவரைத் தனி அதிகாரியாக அனுப்பியிருந்தார்கள். அவர் அனுபவசாலி. இதற்கு முன் ஒரு பால் சங்கத்தையும், அதற்கு முன் ஒரு வெல்லச் சங்கத்தையும் நிர்வகித்தவர். அந்த இரண்டு சங்கங்களும் இப்போது இல்லை.

எண்பத்திரண்டில் சங்கத்துக்குப் புதுக் கட்டடம் எழும்பியது. அந்தச் சமயத்தில் ரங்கசாமி மெட்ராஸில் ஒரு கூட்டத்துக்குப் போய், ஏ.சி. ஹாலில் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்துவிட்டு, திரும்பும்போது ஒரு தீர்மானத்தோடு வந்தார். "பட்டு மென்மையானது. மென்மையான பொருளைப் பராமரிப்போரும் மென்மையான சூழ்நிலையில் வைக்கப்படுவது அவசியம்" என்று அது தொடங்கியது. முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், ஏகமனதாக நிறைவேற்றியவர் எல்லாம் அவரே. குழு கலைந்துபோயிருந்ததால் கருத்து வேறுபாட்டுக்கு ஆள் இல்லை.

ஆடி மாதம் மாடியில் ஏ.சி. மெஷின் ஏறியது. களம்பூர் ரைஸ்மில் ஒன்றைப் பெயர்த்துத் தலைமேல் வைத்ததுபோல் கட்டடம் உறுமியது. அங்கிருந்து இறங்கிய தகரக் குழாய் கூரைக்கு அடியில் கிளை கிளையாகப் பிரிந்து ஒவ்வோர் அறைக்கும் போனது. ஒவ்வொரு கிளைக்குள்ளும் ஒரு தகரத் தடுப்பு. திருப்பினால் காற்று கூடும் அல்லது குறையும். மெட்ராஸ் கம்பெனிக்காரர்கள் அதை டேம்பர் என்றார்கள். எந்த அறைக்கு எவ்வளவு காற்று என்று அளந்து, டேம்பர்களைத் திருப்பிச் சமன்செய்வதற்காகக் கம்பெனி அனுப்பிய மெக்கானிக்கின் பெயர் தருமன்.

அன்றைக்குப் புடவையைக் கொடுத்துவிட்டு அடுத்த புடவைக்குப் பட்டு நூல் வாங்கிப்போக வந்திருந்தான் சடையப்பன். சொந்தத் தறி ஒன்று, மனைவி பொன்னியம்மாள், சங்கத்தில் உறுப்பினர் எண் ஒன்று, இவையே அவனுடைய ஆஸ்தி. நெசவாளர் ஹாலில் ஏணிமேல் நின்று, சின்ன விசிறிபோல் சுழலும் ஒரு கருவியைக் காற்று வரும் சட்டத்தில் தருமன் பிடித்துக்கொண்டிருந்ததை அண்ணாந்து பார்த்தான்.

"இன்னா தம்பி, காத்துக்கு ஜுரமா?"

"அளவு பாக்கறேண்ணா. பத்து பேர் குந்தியிருக்கிற எடத்துக்கு ஜாஸ்தி காத்து போவணும். ஒத்த ஆள் ரூமுக்குக் கம்மியா போவணும். ஒரு பக்கம் மூடுனா இன்னொரு பக்கம் பிச்சிகினு வரும். எல்லாத்தையும் சரிக்கட்டணும், அதான் பேஜாரு."

"வயலுக்குத் தண்ணி கட்டற மாதிரி."

"அதே கணக்குதான்."

அதே கணக்காகவே முடிந்திருக்கும். அந்த நேரம் பார்த்து ரங்கசாமி வந்தார். தருமனிடமிருந்து வரைபடத்தை வாங்கிப் பார்த்தார். நெசவாளர் ஹாலுக்குப் பெரிய எண்ணும் தன் அறைக்குச் சின்ன எண்ணும் எழுதியிருப்பதைக் கண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். எண் மாறவில்லை.

"யாருப்பா இதைப் போட்டது?"

"கம்பெனி இன்ஜினீயரு சார். தலைக் கணக்கு பாத்து..."

"தலைக் கணக்கா? தலைக்குத் தலை வித்தியாசம் இல்லையா? என் தலைக்கு மேல வர்ற காத்தும், இங்க புடவை மூட்டையோட குந்திகினு இருக்கிறவன் தலைக்கு மேல வர்ற காத்தும் ஒண்ணா?"

சடையப்பன் தன் தலையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

மறுநாளே காற்றுப் பங்கீட்டுக் குழு அமைக்கப்பட்டது. தலைவர் ரங்கசாமி, உறுப்பினர் மேலாளர் தனக்கோடி. மூன்று அமர்வுகளுக்குப் பின் உத்தரவு வெளிவந்தது. தனி அதிகாரிக்கு முழுத் திறப்பு. மேலாளருக்கு முக்கால். கணக்கருக்கு அரை. எழுத்தர்களுக்குக் கால். பியூனுக்கு, மேற்படியார் அறைக் கதவுகள் திறக்கும்போது வெளியே வருவது. உறுப்பினர்களான நெசவாளர்களைப் பொறுத்தவரை, சங்கமும் அதன் காற்றும் அவர்களுடைய உடைமையே என்பதால் தனியாக வழங்கத் தேவையில்லை.

"சார், இப்பிடி வெச்சா உங்க ரூம்ல தாங்காது" என்றான் தருமன்.

"இருபத்தாறு வருஷ சர்வீஸ் தாங்குது. இது தாங்காதா?"

வேலை முடிந்ததென்று ரங்கசாமி கையெழுத்துப் போட்டால்தான் தருமன் ஊர் திரும்ப முடியும். அவன் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சொன்னபடி திருப்பினான்.

ரங்கசாமியின் அறையில் புயல் வீசியது. மேஜைமேல் இருந்த கோப்புகள் எழுந்து மேலாளர் அறைக்குப் போயின. முன்பெல்லாம் கோப்பு அங்கே போக ஒரு வாரம் ஆகும் என்பதால் இதை நிர்வாகச் சீர்திருத்தம் என்று தனக்கோடி பாராட்டினார். பியூன் கமண்டல நாகநதிக்குப் போய்க் கூழாங்கற்கள் பொறுக்கிவந்து காகிதங்கள்மேல் வைத்தான். ரங்கசாமி கழுத்தில் மஃப்ளர் ஏறியது. பிறகு தலையில் குரங்குக் குல்லாய். ஆவணி வெயிலில் வெளியே தார் இளகிக்கொண்டிருக்க, உள்ளே குல்லாய்க்குள்ளிருந்து ஒரு மூக்கு மட்டும் உத்தரவு போட்டது.

நடுவில் அவர் சேத்துப்பட்டில் ஒரு கல்யாணத்துக்காக லீவில் போனார். பொறுப்பை ஏற்றுக்கொண்ட தனக்கோடி, பொறுப்போடு வரும் காற்றும் தனக்குரியது என்று தன் டேம்பரை முழுக்கத் திறக்கச் சொன்னார். அப்படியானால் அதிகாரி அறையில் மூடிவிடலாமா என்று, இன்னும் கையெழுத்துக் கிடைக்காமல் ஆரணியிலேயே இருந்த தருமன் கேட்டான்.

"மூடறதா? நாற்காலி அங்கதானேய்யா இருக்குது! ஆளுக்குத்தான் லீவு, நாற்காலிக்கு இல்ல."

இரண்டையும் முழுக்கத் திறந்ததில் மெஷின் இழுத்து இழுத்து மூச்சு விட்டு நின்றது. எழுத்தர்கள் அன்று ஜன்னலைத் திறந்துவைத்துச் சுகமாக வேலை பார்த்தார்கள்.

திரும்பி வந்த ரங்கசாமிக்குச் சளி நெஞ்சில் இறங்கியிருந்தது.

"கொஞ்சம் கொறைச்சிக்கலாமே சார்" என்றார் தனக்கோடி.

"கொறைச்சா? நாளைக்கு என் ஃபைல்ல இன்னான்னு எழுதுவான்? பதவிக்குரிய காத்தைத் தாங்கும் திராணி இல்லாதவர்னு எழுதுவான். எனக்குக் கொறைக்கற காத்து யாருக்குப் போவும், சொல்லு? உனக்குப் போவும்."

தனக்கோடி அடக்கமாகத் தரையைப் பார்த்தார்.

இரண்டு நாள் யோசனைக்குப் பின் ரங்கசாமி ஒரு வழி கண்டுபிடித்தார். சங்கத்தில் பதவியே இல்லாத ஒன்று இருந்தது. அது தராசு. தராசுக்குக் காற்று கொடுத்தால் யாருடைய கௌரவமும் கூடாது, யாருடையதும் குறையாது. தன் அறையின் உபரிக் காற்றை எடை அறைக்குத் தானமாக வழங்கி உத்தரவிட்டார்.

ஏணி மறுபடி வந்தது. எடை அறை சின்ன அறை. நெசவாளர்கள் கொண்டுவரும் புடவைகளை அங்கே வலைக்கம்பி போட்ட பீரோவில் ஒரு வாரம் வைத்திருந்து, தரம் பார்த்து, அப்புறம்தான் எடை போடுவார்கள்.

"இத்தினி சின்ன ரூமுக்கு இவ்ளோ காத்து வேணாம் சார்" என்றான் தருமன். "உள்ள இருக்கிறதெல்லாம் மொறமொறன்னு காஞ்சிடும்."

"தராசு இரும்புப்பா. காயட்டும்."

நூல் கொடுக்கும் கிடங்கு கட்டடத்தின் பின்னால், கிணற்றை ஒட்டி இருந்தது. அங்கே சுவரில் கைவைத்தால் கை நனையும். கிடங்கு எந்தச் சம்பள விகிதத்திலும் வராததால் அதற்குக் காற்று ஒதுக்கப்படவில்லை. ஆக, சங்கம் நூலை ஈரத்தில் நிறுத்துக் கொடுத்தது, புடவையை உலர்த்தி நிறுத்து வாங்கியது. பட்டு என்பது ஈரத்தைக் குடித்தால் கனக்கும், காய்ந்தால் இளைக்கும் பொருள். இது சங்கத்தில் யாருக்கும் தெரியாமல் இல்லை. ஆனால் உத்தரவில் இல்லை.

முதலில் மாட்டியவன் சடையப்பன். புரட்டாசியில் அவன் கொடுத்த புடவையை எடை எழுத்தர் வேலு தராசில் வைத்தான். கல்லை மாற்றி மாற்றி வைத்தான்.

"இருபது கிராம் கொறையுது."

"நல்லா பாரு வேலு. கழிவு போவ சரியா இருக்கணுமே."

"நான் இன்னாண்ணா பண்றது? தராசு சொல்லுது."

கொடுத்த நூலைவிடப் புடவையின் எடை குறைந்தால் நூலைத் திருடிவிட்டான் என்று பொருள். இது சங்கத்தின் பழைய விதி. திருடியவனுக்கு அடுத்த நூல் கிடையாது. இரண்டு ஊழியர்களும் ஒரு பெண் உறுப்பினரும் போய் அவன் வீட்டைச் சோதிப்பார்கள். அங்கே அகப்படும் பட்டு எதுவானாலும் சங்கத்துப் பட்டே. சோதனையின் முடிவை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். தீபாவளிக்கு ஒரு மாதம்தான் இருந்தது. ஊரில் எல்லாத் தறியும் ஓடுகிற காலத்தில் சடையப்பன் தறி நிற்கும். நிற்பதைவிட, ஏன் நிற்கிறது என்று தெருவே பேசும்.

சோதனைக்கு வந்தவர்கள் தறிக்குழிக்குள் இறங்கிப் பார்த்தார்கள். அடுக்களையில் புளிப்பானையில் கையை விட்டார்கள். பொன்னியம்மாள் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"நல்லா தோண்டுங்க. அடியில தண்ணி வந்தா சொல்லுங்க, குழாய் போட்டுக்கறோம். என் தலைமசுரு வேணுமா? அதுவும் பட்டாட்டம்தான் இருக்கும், நிறுத்துப் பாருங்க."

திருட்டு நூல் கிடைக்கவில்லை. டிரங்குப் பெட்டியில் அவளுடைய கல்யாணப் புடவை கிடைத்தது. பட்டு என்பதால் எடுத்துப் போனார்கள். சோதனை வெற்றி என்று பலகையில் ஒட்டினார்கள்.

அடுத்த வாரம் எல்லப்பன் புடவை குறைந்தது. அதற்கடுத்து முனியம்மாள் புடவை. பிறகு சங்கத்துக்கு வந்த எல்லாப் புடவையும் குறைந்தது. ஏறக்குறைய ஒரே அளவு குறைந்தது. ரங்கசாமி நெசவாளர்களைக் காற்றில்லாத ஹாலில் கூட்டிப் பேசினார்.

"முப்பது வீட்டில், ஒரே வாரத்தில், ஒரே அளவு திருடியிருக்கிறீர்கள். என்ன ஒழுங்கு! என்ன ஒற்றுமை! இந்தக் கட்டுப்பாட்டை நெய்வதில் காட்டியிருந்தால் சங்கம் எங்கேயோ போயிருக்கும். நான் நிர்வகித்த பால் சங்கத்திலும் இப்படித்தான். பாலில் தண்ணீர் கலந்தார்கள். நான் கண்டுபிடித்துத் தடுத்தேன். அதற்குப் பிறகு அங்கே பாலே வரவில்லை."

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. பெரணமல்லூர்ப் பக்கம் கம்பம் சாய்ந்து ஆரணியில் ஒரு வாரம் கரண்டு இல்லை. மெஷின் நின்றது. எடை அறைச் சுவரில் ஈரம் ஏறியது. சடையப்பன் முன்பே சங்கத்தில் வாங்கித் தறியில் ஏற்றியிருந்த நூலை வைத்து, பாதியில் நின்ற புடவையை ஒருவழியாக முடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தான். எடை நாளன்று, இதுவாவது சரியாக இருந்தால் பெயர் தப்பும் என்று தராசு முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"பத்து கிராம் ஜாஸ்தி" என்றான் வேலு.

"அப்பாடா!"

"அப்பாடா இன்னாண்ணா, அய்யா கூப்பிடறாரு."

அறையில் ரங்கசாமி குல்லாய் இல்லாமல் உட்கார்ந்திருந்ததால் சடையப்பனுக்கு ஆளை அடையாளம் காணச் சிரமமாக இருந்தது.

"சங்கம் கொடுத்த நூலைவிட ஜாஸ்தி நெய்திருக்கே. அந்த ஜாஸ்தி நூல் ஏது?"

"தெரியலீங்க."

"எனக்குத் தெரியுது. முன்ன திருடினதுதானே? மனசாட்சி உறுத்திச் சேர்த்து நெய்துட்டே. ஆக, திருடினதை நீயே ஒத்துகினே!"

"கொறைஞ்சாலும் திருட்டு, ஏறுனாலும் திருட்டா சார்? சரியா வர்றதுக்கு நான் இன்னாதான் பண்ணணும்?"

"திருடாம இருக்கணும்."

அன்று சாயங்காலம் பொன்னியம்மாள் தெருத் தெருவாகப் போனாள். மறுநாள் காலை சேத்துப்பட்டு பஸ்ஸுக்கு முன்னால் அறுபது பேர் நடுரோட்டில் உட்கார்ந்திருந்தார்கள். பஸ்ஸில் இருந்தவர்களில் பாதிப்பேர் விஷயம் கேட்டு இறங்கி வந்து சேர்ந்துகொண்டார்கள். தகவல் போய், வேலூரிலிருந்து ஒரு மேலதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். அதற்குள் கரண்டும் வந்துவிட்டது.

ரங்கசாமி தயாராக இருந்தார். "பட்டு தானா குறையாது, எவனாவது எடுத்தால்தான் குறையும். உங்க எதிரிலேயே நிரூபிக்கிறேன் சார்" என்றார். கிடங்கிலிருந்து ஒரு கட்டு பட்டு நூலை எடுத்துவந்து எல்லோர் முன்னிலையிலும் நிறுத்தார். எடை அறை பீரோவில் வைத்துப் பூட்டினார். சாவியைத் தன் அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார். மெஷினை முழு வேகத்தில் விடச் சொன்னார்.

"ஒரு வாரம் கழிச்சுப் பாருங்க. சாவி என்னைவிட்டுப் போகாது."

சாவி போகவில்லை. குளிக்கும்போதுகூடப் போகவில்லை என்று பியூன் சாட்சி சொன்னான். ஒரு வாரம் கழித்து மேலதிகாரி முன்னிலையில் பீரோவைத் திறந்து நூலைத் தராசில் வைத்தார்கள். வேலு கல்லை மாற்றினான். மறுபடி மாற்றினான்.

"கொறையுது சார்."

மேலதிகாரி நாக்கால் உதட்டை நனைத்துக்கொண்டார். அந்த அறையில் அரைமணி நேரம் நின்றதில் அவருக்கு உதடு வெடித்திருந்தது.

"ரங்கசாமி, இந்த ரூம் காத்து இப்படி வறட்டுதே. நூலையும் இதே வறட்டுதோ என்னவோ? டேம்பரை ஒழுங்கா வெச்சா சரியாயிடும் போலிருக்கே. அப்படின்னு எழுதிக் கொடுத்துடுங்க, முடிச்சிடலாம். இல்லேன்னா உங்க விதிப்படி, சாவி வெச்சிருந்தவர்தான் எடுத்திருக்கணும்."

ரங்கசாமி நிமிர்ந்து நின்றார். குல்லாயை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"எழுத மாட்டேன் சார். காத்து தப்புன்னா பங்கீடு தப்பு. பங்கீடு தப்புன்னா உத்தரவு தப்பு. உத்தரவு தப்புன்னா அதுல கையெழுத்துப் போட்ட பதவி தப்பு. ரங்கசாமி திருடனா இருந்துட்டுப் போகட்டும். தனி அதிகாரி தப்பு பண்ண முடியாது. என் வீட்டைச் சோதனை போடுங்க!"

மேலதிகாரி பேனாவை மூடிப் பையில் செருகினார்.

"சரி. உங்க வீட்ல பட்டு கெடைச்சா, விதி சரின்னு ஆவுது. இவங்க யாருக்கும் நூல் கெடையாது. கெடைக்கலைன்னா, திருடாமலே எடை குறையும்னு ஆவுது. எல்லாருக்கும் நூல் கொடுத்தாகணும். சம்மதமா?"

"சம்மதம்" என்றார் ரங்கசாமி.

பெண் உறுப்பினருக்குப் பதிலாக இந்த முறை மேலதிகாரி போகச் சொன்னது பொன்னியம்மாளை. வேலுவும் பியூனும் முன்னால் நடக்க, சடையப்பன் அவளைத் தனியே இழுத்தான்.

"போச்சுடி. பட்டு சங்கத்து ஆபீசர் வூட்ல பட்டு இல்லாம இருக்குமா? பொண்டாட்டி ஒரு பட்டுப் புடவ வெச்சிருந்தா போதும், நம்ம தறி போச்சு."

"எனக்கு மட்டும் தெரியாதா? பீரோவ கண்ண மூடிகினு தொறக்கவா?"

"வேலு பாத்துடுவானே."

"அவனுக்கும் ரெண்டு அறை விடறேன்."

அதிகாரி வீட்டு வாசலில் அறுபது பேரும் நின்றார்கள். உள்ளே பாத்திரம் உருளும் சத்தமும், அதிகாரி மனைவி விருத்தாம்பாள் குரலும் கேட்டன. பீரோ கிறீச்சிட்டது. அதன்பின் வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. ரங்கசாமி திடமாக நின்றுகொண்டிருந்தார். முதல் தடவையாகக் குல்லாய்க்குள் வியர்த்தது.

பொன்னியம்மாள் வெளியே வந்தாள். முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். அழுகிறாளா என்று சடையப்பனுக்குத் தெரியவில்லை. பின்னால் வந்த வேலு, மேலதிகாரியிடம் மட்டும் கேட்கும்படி சொல்ல முயன்றான். முன்வரிசைக்குக் கேட்டுவிட்டது.

"இல்ல சார். ஒண்ணும் இல்ல."

மறுநாள் காலை சடையப்பனுக்கு நூல் கொடுத்தார்கள். எல்லப்பனுக்கும் முனியம்மாளுக்கும் மற்றவர்களுக்கும் கொடுத்தார்கள். பொன்னியம்மாளின் கல்யாணப் புடவையும் வந்து சேர்ந்தது. தருமன் ஏணியோடு வந்து எல்லா டேம்பர்களையும் தலைக் கணக்குப்படி திருப்பி வைத்தான். ஹாலில் காற்று வந்தது. விதிப்படி சோதனையின் முடிவை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். சங்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் நூல் வாங்குவதற்கு முன் அதைப் படித்தார்கள்.

பட்டு நெசவாளர் சங்கத் தனி அதிகாரியின் வீட்டில் பட்டு ஓர் இழைகூட இல்லை. பீரோவில் இருந்த புடவைகள் எல்லாம் நைலான், நைலக்ஸ்.